புறாக்களுக்குக் கீழே ஓடிய லாரி

சுல்மாவைப் பற்றி யாராவது எழுதவேண்டும் என்று எங்கள் புறாச் சங்கத்தில் பத்து வருடமாகப் பேசுகிறார்கள். பேச்சோடு சரி. பியர் கோப்பை காலியானதும் அந்தப் பேச்சும் காலியாகிவிடும். அதனால் நானே உட்கார்ந்துவிட்டேன். பதினாறு கோடைகள் அவளுடைய லாரியில் பக்கத்து இருக்கையில் போனவன் நான். அவள் குறட்டை, அவள் கோபம், வாயில் வைக்க முடியாத அவள் காப்பி, எல்லாவற்றுக்கும் நான்தான் சாட்சி.

என் பெயர் வலேர். டீல்ட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பிரஷ் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். புறா வளர்க்கிறேன். எங்கள் பக்கத்தில் புறா வளர்க்காத தெரு கிடையாது. அதிலும் ஸ்பெயின் பந்தயம் என்றால் ஊரே வேறு பேச்சுப் பேசாது. புதன்கிழமை மாலை எல்லோரும் தங்கள் புறாக்களைச் சங்கத்து முற்றத்துக்குக் கொண்டுவருவார்கள். காலில் ரப்பர் வளையம் மாட்டி, கூடைகளில் அடைத்து, லாரியில் ஏற்றுவோம். லாரி பெல்ஜியத்தை விட்டு பிரான்ஸ் முழுவதையும் கடந்து, பிரனீஸ் மலைக்கு அந்தப் பக்கம் ஃபிகேரஸ் ஊருக்கு வெளியே போய் நிற்கும். சனிக்கிழமை காலை ஒரு கம்பியை இழுத்தால் எல்லாக் கூடைகளின் கதவும் ஒன்றாகத் திறக்கும். அவை தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர் பறந்து அன்று சாயங்காலமே வீட்டு மாடத்துக்கு வந்துவிடும். லாரி வந்து சேர இன்னும் இரண்டு நாளாகும். நாங்கள் திரும்பும்போது, கொண்டுபோய் விட்ட புறா பரிசும் வாங்கி, தின்று, தூங்கி எழுந்திருக்கும்.

அந்த லாரியை முதலில் ஓட்டியது சுல்மாவின் கணவன் நோயெல். ஒரு வசந்தத்தில் அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. சுல்மா அப்போது பால் பண்ணையில் பால் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். "ஒரு வாரத்துக்கு நான் ஓட்டுறேன்" என்று சங்கத்துக்கு வந்து நின்றாள். ஆள் உயரம் குறைவு. ஸ்டியரிங் எட்டுவதற்காக முதுகுக்குப் பின்னால் வைக்க ஒரு தலையணையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். கூட்டத்தில் ஒருவன் சத்தமாகவே கேட்டான்.

"ஒரு பொம்பளை கையிலயா என் புறாவைக் குடுக்கிறது?"

"உன் புறாவுக்கு தினமும் தீனி போடுறது யாரு? கூண்டைச் சுரண்டிக் கழுவுறது யாரு?" என்றாள் சுல்மா. "உன் பொண்டாட்டிதானே? இத்தனை வருஷம் அவ கையில இருந்து சாகாத புறா, என் கையில நாலு நாள்ல செத்துருமா?"

அவன் பெயரை எழுத மாட்டேன். அவனுக்கு முகம் சிவந்தது. ஏனென்றால் அது நான்தான்.

அந்த ஒரு வாரம்தான் பதினாறு கோடைகளாக நீண்டது. தண்டனையோ என்னவோ, துணைக்குப் போகும் வேலையும் என் தலையில் விழுந்தது. புறாக்களுக்குத் தண்ணீர் காட்டுவது, சோளம் போடுவது, வரைபடம் பார்த்து வழி சொல்வது. முதல் பயணத்திலேயே எங்களுக்குள் சண்டை. மற்ற சங்கத்து லாரிகள் எல்லாம் லியோன் வழியாக மோட்டார்வேயில் பறக்கும். சுல்மா பாரிஸைத் தாண்டியதும் பழைய சாலையில் இறங்கினாள். மொன்தார்ஷி, நெவேர், சேன் ஃப்ளூர், மீயோ என்று மலை ஏறி மலை இறங்கி, டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து போகும் வழி அது.

"எதுக்கு இந்த மாட்டுவண்டிப் பாதை?" என்றேன்.

"புறா எந்த வழியா வீட்டுக்கு வருது?"

"நேரா வடக்கே."

"அந்தக் கோடு இந்த ஊருங்க மேலதான் போகுது. அதுங்க தலைக்கு மேல என்ன இருக்கப்போகுதுன்னு தெரியாம நான் எப்படிக் கதவைத் திறக்கிறது? மோட்டார்வேயில போனா எனக்குத் தெரியறது பெட்ரோல் பங்க்தான்."

ஒன்றரை நாள் கூடுதலாகிறது, இதெல்லாம் வீம்பு என்று நான் மூன்று வருடம் முணுமுணுத்தேன். நான்காவது வருடம் நிறுத்திக்கொண்டேன். மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தது.

அந்த வழியில் எங்களுக்கு நேராத கோளாறு இல்லை. முதல் வருடமே ஸ்பெயின் எல்லையில் மாட்டிக்கொண்டோம். அப்போது எல்லைகளில் தடுப்புக்கட்டையும் முத்திரையும் இருந்தன. எங்கள் காகிதத்தில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டுப் புறா என்று எழுதியிருந்தது. மீசையை அழகாகச் சீவியிருந்த ஒரு சுங்க அதிகாரி ஒவ்வொரு கூடையாக டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு கூடையில் முட்டை கிடந்தது. வேளை வந்தால் பெட்டைக்கு எல்லையா தெரியும், இட்டுவிட்டது. முட்டைக்குத் தனிக் காகிதம் வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நகராது என்றார் அவர். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. புறாக்கள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. நான் கெஞ்சலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சுல்மாவின் அப்பா வருடா வருடம் வட பிரான்ஸில் பீட்ரூட் வயலில் களையெடுக்கப் போனவர். அவளும் சின்ன வயதில் கூடப் போயிருக்கிறாள். வயலில் கற்ற பிரெஞ்சு. அதில் பேசினாள்.

"எந்த முட்டை?"

அதிகாரி விரலால் காட்டினார். சுல்மா அதை எடுத்து பம்பரில் தட்டி உடைத்து, அண்ணாந்து வாயில் ஊற்றி விழுங்கினாள். புறங்கையால் உதட்டைத் துடைத்தாள்.

"இப்போ அது என் வயித்துல இருக்கு. எனக்குப் பாஸ்போர்ட் இருக்கு. பாக்குறீங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் தொப்பி கீழே விழுந்தது. அன்றைக்கே தன் மாமாவின் ஒலிவத் தோட்டத்துக்குப் பின்னால் இருந்த தரிசு நிலத்தைக் காட்டி, இனிமேல் புறாக்களை அங்கிருந்தே விடலாம் என்றார். கிணறு, நிழல், பக்கத்திலேயே அதிகாலையில் திறக்கும் ஒரு மதுக்கடை, அதில் தொலைபேசி. அதுவரை எல்லாச் சங்கமும் சாலையோரப் புழுதியில் நின்றுதான் புறா விட்டுக்கொண்டிருந்தது. பிறகு எங்களைப் பார்த்து மற்றவர்களும் அந்தப் பக்கமே வந்துவிட்டார்கள்.

மொன்தார்ஷியில் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் லாரி சிக்கிக்கொண்டது. நான் எச்சரித்தேன், அவள் கேட்கவில்லை என்று எழுத ஆசைதான். உயரப் பலகையைப் படித்துச் சொல்வது என் வேலை. நான் அந்நேரம் சாக்லேட் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கால்வாயில் மதகு பார்த்துக்கொள்பவர் ஓடிவந்து, எல்லா டயரிலும் காற்றைக் குறைத்து, வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னால் எடுக்க வைத்தார். அதற்குள் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் அடித்த ஹார்னில் இரண்டாயிரம் புறாவும் மிரண்டுபோயின. சுல்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மதகுக்காரர் வீட்டில் மீன் வறுவல் சாப்பிடும்போது என் தட்டில் தலையை மட்டும் வைத்தாள்.

சேன் ஃப்ளூருக்கு மேலே மலைச்சரிவில் பிரேக் சூடேறிப் புகைந்த கதை பெரியது. வண்டி நின்ற இடம் ஒரு ரொட்டிக்கடை வாசல். கடைக்காரி போலெத், கைநிறைய மாவோடு வெளியே வந்து பார்த்தாள். உள்ளே திரும்பிப் போனாள். கதவைச் சாத்திக்கொள்கிறாளோ என்று நினைத்தேன். பின்வாசல் வழியாக சர்ச்சுக்குப் போய் மணி அடித்திருக்கிறாள். தீப்பிடித்தால் அடிக்கிற மணியாம். ஊரே வாளியோடு வந்துவிட்டது. பிரேக்குக்கு ஊற்றியது போக மிச்சத் தண்ணீரை எல்லாம் புறாக்களுக்குக் காட்டினோம். அன்று மதியம் அவள் வீட்டில் உருளைக்கிழங்கு மசியலில் பாலாடைக்கட்டியைக் கொட்டி, கரண்டியைத் தூக்கினால் ஒரு முழம் இழுபடும் பதத்தில் கிண்டிக் கொடுத்தாள். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கை எண்ணெயில் பொரிப்பதுதான் அதற்குச் செய்யும் உச்ச மரியாதை என்று நம்பியிருந்தவன் நான். அந்தத் தட்டைப் பார்த்த பிறகு கொஞ்சம் அடங்கிவிட்டேன்.

இப்படி வழியெங்கும் ஆட்கள் சேர்ந்தார்கள். எல்லோரும் ஏதோ ஒரு தவறான திருப்பத்திலோ, வெடித்த டயரிலோ கிடைத்தவர்கள். சுல்மா புத்தாண்டுக்கு ஒவ்வொருவருக்கும் அட்டை போடுவாள். கோடையில் போகும்போது எங்கள் ஊர் இஞ்சி பிஸ்கட் டப்பா ஒன்றை இறக்கிவிட்டுப் போவாள். பந்தயத்தன்று விடியற்காலையில் அந்த மதுக்கடைக்குப் போய், தெற்கிலிருந்து வடக்காக வரிசையாக அவர்களுக்கு ஃபோன் போடுவாள். கேட்பது ஒரே கேள்விதான்: உங்க ஜன்னலுக்கு வெளியே என்ன தெரியுது? பிறகுதான் கம்பியைத் தொடுவாள்.

மற்ற ஓட்டுநர்களுக்கு இது பெரிய வேடிக்கை. முக்கியமாக சிரியெலுக்கு. வேறொரு சங்கத்து லாரி ஓட்டுபவன், கெட்டிக்காரன், நல்ல உயரம், தன் லாரியை வாரம் இருமுறை மெழுகு போட்டுத் தேய்ப்பான். அவனிடம் வானிலை நிலையத்தின் அச்சிட்ட அறிக்கை இருக்கும்.

"என்ன சுல்மா, ஊர் வம்பு பேசி முடிச்சாச்சா? இன்னைக்கு யார் வீட்டு சூப்புல உப்பு கம்மியாம்?"

"உன் வீட்டு சூப்புலதான். உன் பொண்டாட்டி சொன்னா" என்பாள் சுல்மா.

பார்சிலோனாவில் ஒலிம்பிக் நடந்த அந்தக் கோடையில்தான் இந்த விளையாட்டுப் பேச்செல்லாம் வினையாயிற்று.

அந்தப் பந்தயத்துக்கு எங்கள் லாரியில் இரண்டாயிரத்து முந்நூறு புறாக்கள். எல்லாம் தேர்ந்தெடுத்தவை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் மூன்று நான்கு வருட வளர்ப்பு இருந்தது. என்னுடைய நீலப் பெட்டையும் அதில் ஒன்று. அதுபோல ஒரு பறவை என் மாடத்தில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு வானம் கழுவிவிட்டது போல இருந்தது. ஒரு துணுக்கு மேகம் இல்லை. நான்கு சங்கத்து லாரிகள் தரிசில் வரிசையாக நின்றன. ஊரிலிருந்தும் நல்ல செய்தி. வானிலை அறிக்கையில், நடு பிரான்ஸில் பிற்பகலில் லேசான தூறல் வரலாம், மற்றபடி தெளிவு என்று இருந்தது. சிரியெல் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றான். ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாக விடுவது என்று பேச்சு.

சுல்மா ஃபோனில் இருந்தாள். நான் பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மீயோவில் தெளிவு. மொன்தார்ஷியில் மதகுக்காரர், கால்வாய் கண்ணாடி மாதிரி கிடக்கிறது என்றார். போலெத்தோடு மட்டும் பேச்சு நீண்டது. ரிசீவரை என் காதுப் பக்கமும் சாய்த்தாள் சுல்மா.

"மேடம், வெளியே தெளிவாத்தான் இருக்கு" என்றாள் போலெத். "ஆனா எனக்குப் பிடிக்கலை. என்னத்தைச் சொல்ல, மாவைத்தான் சொல்லணும். ரெண்டு மணிக்குப் பிசைஞ்சு வெச்ச மாவு, அஞ்சு மணிக்குப் பொங்கவேண்டியது, மூணரைக்கே தொட்டியை விட்டு வழிஞ்சு தரையில கிடக்கு. காத்து அசையலை. தெற்கு மலை கைக்கெட்டுற தூரத்துல தெரியுது. இருபத்தெட்டு வருஷமா ரொட்டி போடுறேன். இந்த மாதிரி பொங்குனா மதியத்துக்குள்ள இடி, அதுவும் கல்மழையோட."

"நான் ஏழு மணிக்கு விட்டா?"

"உங்க புறா பதினோரு மணிக்கு என் கூரை மேல இருக்கும். அப்போதான் அதுவும் வரும்."

சுல்மா ரிசீவரை வைத்தாள். தலையணையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒலிவ மரத்தடியில் போட்டு உட்கார்ந்தாள். "இன்னைக்கு இல்லை" என்றாள்.

"ஒரு ரொட்டிக்காரியோட மாவை நம்பியா?" என்றான் சிரியெல். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "சுல்மா, சொல்றதைக் கேளு. வானத்தைப் பாரு."

"இந்த வானத்தைத்தான் நாலு பேரும் பாத்துட்டோமே. அந்த வானத்தை யாருய்யா பாத்தீங்க? இன்னைக்கு விடாதே சிரியெல். கெஞ்சிக் கேக்குறேன்."

அவள் யாரிடமும் கெஞ்சி நான் கேட்டதில்லை. சிரியெல் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

ஏழு மணிக்கு மூன்று லாரிகளின் கதவுகள் திறந்தன. ஆறாயிரம் புறாக்களின் இறக்கைகள் ஒன்றாக அடித்த சத்தத்தில் எங்கள் கூடைகளில் இருந்தவையும் துடித்தன. வெளியே போகவேண்டும் என்று கம்பியை முட்டின. ஒரு வட்டம் அடித்து, இரண்டாவது வட்டத்தில் திசை பிடித்து, அந்தக் கூட்டம் மலைப்பக்கம் மறைந்தது.

எங்கள் நாட்டில் காலைச் செய்திக்குப் பிறகு வானொலியில் புறாச் செய்தி வாசிப்பார்கள். எந்த ஊரில் எந்தச் சங்கம் எத்தனை மணிக்கு விட்டது என்று. மாகாணமே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அன்று வாசித்தார்கள்: ஃபிகேரஸ், மூன்று சங்கங்கள், ஏழு மணி, விடுவிப்பு. எங்கள் சங்கத்தின் பெயர் சொல்லி, காத்திருப்பு. ஐந்து நிமிடத்தில் மதுக்கடைத் தொலைபேசி அடித்தது. எங்கள் சங்கத் தலைவர் வில்ஃப்ரிட், இறைச்சிக்கடை வைத்திருப்பவர்.

"சுல்மா, என்னம்மா நடக்குது அங்கே? என் கடை வாசல்ல முப்பது பேர் நிக்கிறானுங்க. ஒருத்தனும் கறி வாங்க வரலை!"

"மலையில இடி வரப்போகுது தலைவரே."

"எவன் சொன்னான்?"

அவள் சொன்னாள். பிறகு தலைவர் கத்தியது எனக்கே கேட்டது. எட்டு மணிக்குள் விடாவிட்டால் இது அவளுடைய கடைசிப் பயணம் என்றார். "வலேர்கிட்ட குடு" என்றார்.

வாங்கினேன். "வலேர், உனக்குக் கம்பி இழுக்கத் தெரியுமில்ல? போய் இழு. நான் சொல்றேன். அடுத்த வாரத்திலிருந்து லாரி உன்னுது."

ஒரு பொய்யும் எழுதக்கூடாது என்று ஆரம்பித்திருப்பதால் சொல்கிறேன்: எனக்கு ஆசை வந்தது. லாரிக்காக இல்லை. ஊரில் எல்லோருடைய புறாவும் சாயங்காலம் வந்துவிடும், என் நீலப் பெட்டை மட்டும் கூடையில் கிடக்கும் என்ற நினைப்பு என்னைக் குடைந்தது. நேராக லாரிக்குப் போனேன். சுல்மாவும் பின்னால் வந்தாள். கம்பியின் பூட்டுச்சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தலைவர் சொல்லிட்டாரு. நான் குறுக்கே நிக்கமாட்டேன். ஒண்ணு மட்டும் செய். உன் பெட்டை ஏழாவது கூடையில இருக்கு. அதை முதல்ல வெளியே எடுத்து என்கிட்ட குடுத்துட்டு, அப்புறம் இழு."

நான் ஏழாவது கூடையைப் பார்த்தேன். அது தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அதை எடுத்துக் கொடுத்தால், மற்றதை எல்லாம் தெரிந்தே அனுப்புகிறேன் என்று அர்த்தம். எடுக்காமல் இழுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. அப்படியானால் எனக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது, அந்த ரொட்டிக்காரி சொன்னது சரி என்று. சாவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தலைவருக்கு என்ன சொல்ல?" என்றேன்.

"வலேர் கை சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லு. எப்படியும் உன்னால அவ்வளவுதான் முடியும்னு நம்பிருவாரு."

அன்றைய பகல் போல ஒரு பகலை நான் கண்டதில்லை. நிழலிலேயே சுட்டது. நிழல் நகர நகர லாரியையும் நகர்த்தினோம். மீசைக்கார அதிகாரியின் மாமாவும் அத்தையும் கிணற்றிலிருந்து இறைத்துக் கொடுக்க, நானும் சுல்மாவும் வாளி வாளியாக ஊற்றினோம். வானம் அப்படியே நீலமாக இருந்தது. ஒவ்வொரு மணியும் அது எங்களைக் கேலி செய்வது போல இருந்தது. பத்தரை மணி வரை தலைவர் நான்கு முறை கூப்பிட்டார். ஐந்தாவது முறை ஃபோன் அடித்தபோது நான் எடுக்கப் போகவே இல்லை. சுல்மா போனாள்.

அது போலெத்.

சுல்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ரிசீவரை மேடையில் வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். நான் எடுத்துக் காதில் வைத்தேன். ஓட்டுக் கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தம் ஸ்பெயின் வரைக்கும் கேட்டது. அதற்கு நடுவில் போலெத் அழுதுகொண்டே கத்தினாள். "தெருவுல விழுதுங்க ஐயா! புறா எல்லாம் தெருவுல விழுதுங்க!"

தான் சொன்னது சரியாகிவிட்டதே என்று சுல்மா ஒரு கணம்கூடச் சந்தோஷப்படவில்லை. "என்னால சிரியெலைத் தடுக்க முடியலையே வலேர்" என்றாள். பிறகு ரிசீவரைப் பிடுங்கி, ஊரில் எல்லோரும் களஞ்சியக் கதவுகளைத் திறந்து வைக்கட்டும், உலர்ந்த வைக்கோல் போடட்டும், நாங்கள் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று போலெத்திடம் சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் மறுபடி வரிசையாக ஃபோன் போட்டாள். மீயோவில் தெளிவு. போலெத்தின் மாவு ஒழுங்காக ஐந்து மணிக்குப் பொங்கியிருந்தது. மொன்தார்ஷியில் மெல்லிய தெற்குக் காற்று. ஆறு நாற்பதுக்கு என்னைப் பார்த்து, "சுளுக்கு சரியாயிடுச்சா? இழு" என்றாள். இழுத்தேன். இரண்டாயிரத்து முந்நூறும் எழும்பின. என் நீலப் பெட்டை எது என்று எனக்குத் தெரியவில்லை, இருந்தாலும் கையை ஆட்டினேன்.

திரும்பும் வழியில் மீயோவிலிருந்து ஊருக்கு ஃபோன் செய்தோம். இருட்டுவதற்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வந்துவிட்டன, வந்துகொண்டே இருக்கின்றன என்றார்கள். என் பெட்டை ஊரிலேயே பதினோராவது. நான் ஃபோன் பெட்டிக்குள்ளேயே அழுதேன். மறுநாளும் ஃபோன் செய்தோம். அப்போது வராதவை ஐம்பதுகூட இல்லை. மற்ற மூன்று சங்கத்திலும் பாதிக்கு மேல் காணவில்லை.

போலெத்தின் ஊரில் எங்களுக்காக நாற்பது குடும்பங்கள் காத்திருந்தன. களஞ்சியத்தில், மாட்டுத் தொழுவத்தில், ஒரு வீட்டில் குளிக்கும் தொட்டியில்கூடப் புறா. வெதுவெதுப்பான பால் ரொட்டி ஊட்டி, ஒடிந்த இறக்கைக்குத் துணி கட்டி வைத்திருந்தார்கள். அடுத்த கிராமத்தில் இன்னும் சில. பெட்ரோல் பங்கில் ஒரு பெட்டி நிறைய. காலியாகத் திரும்பவேண்டிய எங்கள் லாரியில் மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு புறாக்கள் ஏறின. ஒன்றுகூட எங்கள் சங்கத்துடையது இல்லை. சுல்மா ஒவ்வொரு வளையத்தின் எண்ணையும் படிக்க, நான் எழுதினேன். பாதி வழியிலிருந்து அந்தச் சங்கங்களுக்குத் தகவல் சொன்னோம்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் எங்கள் சங்கத்து முற்றத்துக்குள் திரும்பினோம். இத்தனை வருடத்தில் லாரி திரும்பும்போது முற்றத்தில் யாரும் இருந்ததில்லை. நாங்களே கூடைகளைக் கழுவி அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போவோம். அன்று நிற்க இடமில்லை. நான்கு சங்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். வண்டி நின்றதும் யாரும் கை தட்டவில்லை, கத்தவில்லை. ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். நான் கதவைத் திறந்து இறங்கினேன். அந்தப் பெண்ணின் பக்கத்து இருக்கையிலிருந்து இறங்குகிறவன் நான் என்று அவ்வளவு பேரும் பார்க்கிறார்கள் என்ற நினைப்பில் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்தது. என் வாழ்நாளில் அதைவிடப் பெருமையான ஒரு நிமிடம் எனக்கு இல்லை, என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தலைவர் வில்ஃப்ரிட் முன்னால் வந்தார். ஏதோ பேச்சுத் தயாரித்து வந்திருந்தார் போல. கடைசியில், "தலையணை பழசாயிடுச்சே, சங்கத்துல புதுசு ஒண்ணு வாங்கித் தர்றோம்" என்றார்.

"வேண்டாம் தலைவரே. இதுலதான் என் முதுகு பழகியிருக்கு" என்றாள் சுல்மா. "ரெண்டு பேரை அனுப்புங்க, கூடை இறக்கணும். கவனமா, அடிபட்டது இருக்கு."

புறாக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் பறவையை வாங்கி, கோட்டுக்குள் வைத்து மூடிக்கொண்டு போனார்கள். சிலர் அழுதார்கள். சிரியெல் கடைசி வரை சுவரோரமாக நின்றான். கூட்டம் குறைந்த பிறகு வந்தான். அவன் முகம் மூன்று நாளில் பத்து வயது ஏறியிருந்தது.

"சுல்மா" என்றான். "நீ கெஞ்சுனே. நான் கேக்கலை."

"ஆமா" என்றாள் அவள். இல்லை, பரவாயில்லை என்றெல்லாம் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை.

"அந்த ஃபோன் நம்பரெல்லாம் எனக்கும் எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கலாம். ஆனா நீ கூப்பிட்டா, காலங்காத்தால வேலையைப் போட்டுட்டு ஜன்னலைத் திறந்து வானத்தைப் பாக்க அவங்களுக்கு என்னய்யா தலையெழுத்து? நீ யாரு அவங்களுக்கு? நீ முதல்ல அந்த மோட்டார்வேயை விட்டு இறங்கு. நாலு தடவை வழி தப்பு. நாலு பேர் வாசல்ல போய் நில்லு. அதுக்கப்புறம் என் நம்பர் உனக்குத் தேவைப்படாது."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். இனி அவன் லாரி ஓட்டமாட்டான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த கோடையில் நெவேரைத் தாண்டி, இரண்டு பக்கமும் சூரியகாந்தி நிற்கும் ஒரு குறுக்குச் சாலையில் போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒரு லாரி பின் சக்கரம் இரண்டும் வாய்க்காலில் இறங்கிக் கோணலாக நின்றது. மெழுகு போட்டுத் தேய்த்த லாரி, மேலெல்லாம் சேறு. சிரியெல் முழங்கால் வரை பேன்ட்டை மடித்துவிட்டு நின்றான். ஒரு விவசாயி டிராக்டரில் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி கையில் ஒரு மது பாட்டிலும் மூன்று கோப்பையும் வைத்திருந்தாள். மூன்று பேருமாக எதற்கோ உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்து, நிறுத்து! நாமளும் ஒரு கை குடுக்கலாம்" என்று நான் கதவுப் பிடியைப் பிடித்தேன்.

சுல்மா கியரை மாற்றினாள். ஹார்னை ஒரே ஒருமுறை நீளமாக அடித்தாள். சிரியெல் நிமிர்ந்து பார்த்து, சேற்றுக் கையை உயர்த்தினான்.

"பேசாம வா வலேர்" என்றாள். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கான். கெடுத்துடாதே."